கிணற்றுத் தண்ணீர் என்று சொன்னவன்

சுருக்கெழுத்துக்காரனுக்குக் காதும் கையும் இருந்தால் போதும், மானம் வேண்டாம் என்பார் எங்கள் சூப்பரிண்டென்ட். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அதுதான் வினை.

1965. பம்பாயில் அரிசிக்கும் காய்கறிக்கும் தட்டுப்பாடு. நகரத்தைச் சுற்றிக் காய்கறி போடுகிறவர்களின் குறைகளைக் கேட்கச் சட்டசபை ஒரு கமிட்டி போட்டது. சாட்சிகள் சொல்வதை எழுதும் வேலை எனக்கு. பெயர் பிரம்மநாயகம், ஊர் பாளையங்கோட்டை, மாதுங்காவில் பதினெட்டு வருஷமாகக் குடித்தனம்.

செம்பூரில் நாலா ஓரமாகக் கீரை போடும் பதினொரு தமிழ்க் குடும்பங்களுக்காக முப்பிடாதியம்மாள் வந்திருந்தாள். நாலா என்றால் ஊர்ச் சாக்கடை எல்லாம் ஓடும் கால்வாய். அவளுக்குத் தெரிந்த மராத்தி சந்தையில் கீரை விற்க மட்டும் போதும். தலைவர் என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்.

“பயிருக்குத் தண்ணீர் எங்கிருந்து?” என்று கேட்டார்.

“நாலாத் தண்ணிதான்யா. தகர டின்னுல மோந்து ஊத்துதோம். நாத்தம் கொடலப் பொரட்டும். கையெல்லாம் புண்ணு, பாருங்க” என்று உள்ளங்கைகளை மேஜைக்கு மேல் விரித்தாள்.

ஓர் உறுப்பினர் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனார். எனக்குக் காதுமடல் சுட்டது. மதராஸிகள் சாக்கடையில் கீரை வளர்த்து ஊருக்கே விற்கிறார்கள் என்று நாளைக்குக் கான்டீனில் சிரிப்பார்கள். என்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

“கிணற்றுத் தண்ணீர்” என்று இங்கிலீஷில் சொன்னேன்.

“கையில் என்ன?”

“மண்வெட்டி பிடித்த காய்ப்பு.”

“சரி, தண்ணீர்க் கஷ்டம் இல்லை” என்று தலைவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

சாட்சியத்தை டைப் அடித்து, சாட்சிக்குப் புரியும் பாஷையில் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் கிணறு என்று இருந்தது. நான் நாலா என்று படித்தேன். அவள் திருப்தியாகத் தலையாட்டினாள்.

“நல்ல தண்ணி இல்லாதவுகளுக்கு சர்க்காரே கெணறு வெட்டித் தருவாவளாம்லா? அது கெடைச்சாப் போதும்யா.”

தண்ணீர் எங்கிருந்து என்று தலைவர் எதற்காகக் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருத்த வழியிருந்தது. தலைவரின் அறை பத்தடி தூரம். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லி அவர் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்பாரே! அதற்குப் பயந்து, மைப்பெட்டியைத் திறந்து, அவள் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினேன். புண் வலித்ததோ என்னவோ, விரலை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. நாலாவின் எதிர்க்கரைக்கு நாலு கிணறு. முப்பிடாதியம்மாள் கரையின் பதினொரு நிலத்துக்கும் நேராக ‘கிணறு உண்டு’ என்று அடித்தவனும் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதுங்கா மார்க்கெட்டில், நல்ல கூட்டத்தில், முப்பிடாதியம்மாள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். கூடையை இறக்கி வைத்தாள்.

“அக்கரையில கெணறு தோண்டுதாவய்யா. எங்களுக்கு இல்லையாம். எல்லாரும் என்னத்தான் ஏசுதாவ.”

“உன்னையா?”

“எம்மேலதான தப்பு? பெரியவுக சபையில நாலாத் தண்ணின்னு பச்சையாச் சொல்லிட்டேன். அருவருத்துட்டாவ. கெணத்துத் தண்ணின்னு ஒரு பொய் சொல்லியிருந்தா, மதிச்சு ஏதாவது செஞ்சிருப்பாவ. நீங்க பாவம், நான் சொன்னத அப்படியே சொன்னிய.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த இடத்திலேயே அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். பக்கத்துக் கடையில் எங்கள் கட்டடத்துக்காரர் இருவர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன்.

“தப்பு உன் மேல இல்லம்மா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“பின்ன யாரு மேலய்யா?”

“சர்க்கார் மேல” என்றேன்.