டெல்பெர்ட்டின் தோளும் லவோனின் சக்கர வில்லும்

1

மரவில்தான் ஜெயிக்க வேண்டும் என்ற ஓரவஞ்சனையோடுதான் இந்தக் கதையைத் தொடங்கினேன். அமெரிக்காவின் விஸ்கான்சினில் மான் வேட்டைப் பருவம் வந்தால் ஊரே இரண்டு கட்சியாகிவிடும். நாண் கட்டிய வெறும் மரம் ஒரு கட்சி. இரு முனையிலும் சக்கரம், குறிபார்க்கத் துளை என்று சைக்கிள் கடையிலிருந்து வந்தது போன்ற காம்பவுண்ட் வில் மறு கட்சி. இத்தனை வருடம் இங்கே குடியிருந்ததில் நானும் மரத்தின் பக்கம் சேர்ந்துவிட்டேன். முதல் வரி இப்படி வந்தது:

பனி விலகாத மேப்பிள் காட்டில், மூதாதையரின் வில்லை ஏந்தியபடி டெல்பெர்ட்

[அடித்துவிட்டேன். அவன் அப்பா பால்பண்ணைக்காரர், வில்லைத் தொட்டதே இல்லை. மரவில்லை டெல்பெர்ட் கடையில்தான் வாங்கினான்.]

2

அடுத்த இடைஞ்சல், டெல்பெர்ட்டின் வலது தோள். அறுவை செய்த மருத்துவர் இனி மரவில்லை இழுக்கவே கூடாது என்றுவிட்டார். வேட்டை இல்லாத இலையுதிர் காலத்தை அவனால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. மிச்சமிருந்தது மனைவி லவோனின் சக்கர வில். கல்யாணமான நாளிலிருந்து அவன் கேலி செய்து வந்த அதே வில்.

"இதுக்கு நம்பர் பிளேட் வாங்கிட்டியா?" என்றான் பழக்க தோஷத்தில்.

"இனிமே நீதானே ஓட்டப்போற, நீயே வாங்கு." இழுவையைத் தளர்த்தத் திருகாணியைத் திருப்பிக்கொண்டே லவோன் சொன்னாள். "முழுசா இழுத்ததும் நாண் லேசாயிடும். அப்படியே பிடிச்சு நில்லு. துளை வழியா பாரு. அப்புறம் விடு."

"தெரியும்."

"உனக்கு எதுதான் தெரியாது."

(மரவில்காரன் பிடித்து நிற்பதில்லை. முழுப் பாரமும் விரலில் இருக்கும், இழுத்த கையோடு விட்டுவிடுவான். கதை இங்கேதான் கவிழப்போகிறது.)

3

சக்கர வில் ஒன்றுதான். பருவத்தின் முதல் நாளை அவனுக்கு விட்டுக்கொடுத்து, லவோன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் கொம்பன் மான் வந்தது. மரத்தின் மேலிருந்து டெல்பெர்ட் இழுத்தான், விட்டான். நிற்கவில்லை, துளையைப் பார்க்கவில்லை. அம்பு மானின் உடம்பைத் துளைத்துக்கொண்டு மண்ணில் குத்தியது. மான் ஓடிவிட்டது.

லவோன் அம்பை எடுத்து மோந்து பார்த்தாள்.

"குடல்ல பட்டிருக்கு. பக்கத்துலயே எங்கயாவது படுத்துக்கும். மத்தியானம் வரைக்கும் நாம நகரக் கூடாது. இப்பப் போனா எழுந்து ஆத்தத் தாண்டிடும்."

"மேகத்தப் பாரு. ரத்தத் தடமெல்லாம் கழுவிட்டுப் போயிடும்." இறங்கி வந்தவன் வில்லைத் தரையில் வைத்தான். "சனியன் பிடிச்ச மெஷின். என் வில்லா இருந்தா இப்படி ஆகியிருக்காது."

[இதை எழுதியபோது எனக்கு ஏக சந்தோஷம். என் கட்சி ஜெயித்தது. அதனால் லவோனுக்குப் பதில் வசனமே வைக்கவில்லை. மறுநாள் படித்தபோது, அவள் வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று நம்ப முடியவில்லை. வைத்தேன்.]

"உன் வில்லுல விட்டதுக்கெல்லாம் 'படவே இல்ல, காத்துல போச்சு'ன்னு வேட்டை கேம்ப்ல எல்லார்கிட்டயும் சொல்வியே. அந்த அம்பையெல்லாம் யார் கழுவி வச்சா?"

டெல்பெர்ட் குனிந்து வில்லை எடுத்தான்.

"இதே நாத்தம்தான், டெல்."

அந்த வரிக்குப் பிறகு எனக்கும் வெட்கமாகிவிட்டது. மரத்தின் பக்கம் நின்றவன் அவன் மட்டும் இல்லையே.

4

முதல் முடிவு: மழைக்கு முந்தி மான் கிடைக்கிறது, இருவரும் இழுத்து வந்து

[இல்லை. நான் தப்பிக்கப் பார்க்கிறேன்.]

இரண்டாம் முடிவு: மான் கிடைக்கவில்லை, டெல்பெர்ட் வேட்டையையே விட்டு

[இதுவும் தப்பிப்பதுதான், அவன் தப்பிப்பது.]

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். முதல் துளி லவோனின் தொப்பியில் விழுந்தது. வேட்டை விஷயத்தில் அவளை ஒருநாளும் யோசனை கேட்காதவன் கேட்டான்:

"போலாமா, இருக்கலாமா?"

"விட்டது நீ. நீ சொல்லு."

போனால் மான் எழுந்து ஓடும். இருந்தால் தடம் அழியும். எதுவானாலும் சாயங்காலம் கேம்ப்பில் அவனைச் சும்மா விடமாட்டார்கள், என்ன ஆச்சு என்று கேட்பார்கள். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். 'படவே இல்லை' என்று மட்டும் அவனைச் சொல்ல வைக்காதீர்கள். அம்பு லவோன் கையில் இருக்கிறது, இந்த முறை அவள் கழுவப்போவதில்லை.