ராத்திரி இல்லாத ஊர்

தேனிலவுக்கு எங்கே போவது என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. எங்கே போகக் கூடாது என்றுதான் முடிவு செய்கிறார்கள். மிச்சமிருக்கும் இடத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் வேலை. பயண ஏற்பாடு செய்யும் அலுவலகம் ஒன்றில் ஹனிமூன் மேசையில் பல வருடமாக உட்கார்ந்திருப்பவள் சொல்கிறேன், நம்பலாம்.

கடல் வேண்டாம் என்று சொல்லும் மாப்பிள்ளை தண்ணீருக்குப் பயந்தவன் அல்ல, சட்டையைக் கழற்றப் பயந்தவன். மலை வேண்டாம் என்கிற பெண்ணுக்கு வளைவுப் பாதையில் வாந்தி வரும். புதுக் கணவன் முன்னால் அது வேண்டாமே என்று பார்க்கிறாள். பனி கொட்டும் ஊரைக் கேட்பவர்கள் குளிருக்காகக் கேட்பதில்லை, படம் பிடித்துப் போடக் கேட்கிறார்கள். ஆளில்லாத தீவைக் கேட்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கும். போன ரெண்டு மூன்று நாளிலேயே பேச்சுத் தீர்ந்துவிடும். சாப்பாடு பரிமாறுகிறவரைப் பிடித்து வைத்துக்கொண்டு அவருடைய குடும்ப விவகாரத்தை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நானும் என் கணவரும் மலைக்குத்தான் போனோம். போனது முதல் திரும்பியது வரை மழை. அறைக்குள் உட்கார்ந்து சீட்டாடினோம். அவர் கள்ளாட்டம் ஆடுகிறவர் என்று அங்கேதான் தெரிந்தது. தொடக்கத்திலேயே தெரிந்ததில் எனக்கு வருத்தமில்லை.

என்னிடம் வருகிற ஜோடியில் ஒருவரைக் காப்பி இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றவரிடம் “எந்த எடம் வேணாம்?” என்று கேட்பேன். அப்புறம் ஆளை மாற்றிக் கேட்பேன். ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது “உனக்கு எது புடிக்குதோ அதான்” என்று குழைகிறவர்கள், தனியாக மாட்டினால் மடமடவென்று கொட்டிவிடுவார்கள். எங்கள் மேனேஜருக்கு இந்த முறை பிடிக்காது. கல்யாணம் ஆகப்போகிறவர்களிடம் ‘வேணாம்’ என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

என் மேசைக்கு மேலே தொங்கும் மஞ்சள் விளக்கும் அவர் ஏற்பாடுதான். அலுவலகம் முழுக்கப் பளீரென்று இருக்கும், என் மூலை மட்டும் அழுது வடியும். காதலர்கள் உட்காரும் இடமாம். அந்த வெளிச்சத்தில் ஒரு பாஸ்போர்ட் எண்ணைப் படிப்பதற்குள் எனக்குக் கண் பிதுங்கிவிடும். பின்சுவரில் படங்கள் ஒட்டியிருக்கும். மணலில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துச் சாப்பாடு, அந்திநேரப் படகு, நட்சத்திரங்களுக்குக் கீழே கூடாரம். ஓரத்தில் வெளுத்துப்போன படம் ஒன்று. வடக்கே எங்கோ, கோடையில் சூரியனே மறையாத ஊர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை ஒருவரும் வாங்கியதில்லை. “ராத்திரியே இல்லாத ஊருக்கு எவனாவது ஹனிமூன் போவானா? கழட்டிப் போடுங்க அத” என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருப்பார். நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று நானும் விட்டுவைத்திருந்தேன்.

அந்த மூலைக்கு ஒரு நாள் என் தம்பியே வந்து உட்கார்ந்தான், கட்டிக்கொள்ளப் போகிறவளைக் கூட்டிக்கொண்டு.

தம்பி லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். வீட்டிலும் வெளியிலும் அவனுக்குப் பெயர் மீசை. படிக்கிற காலத்திலிருந்து ஆசை ஆசையாக வளர்த்தது. மேலுதட்டை மொத்தமாக மூடிவிட்டுக் கீழுதட்டையும் எட்டிப் பார்க்கும். அம்மா கெஞ்சிக் கூத்தாடியும் கத்தரிக்கோலைக் கிட்டே விடாதவன். கல்யாணம் பேசி முடித்த கொஞ்ச நாளில் வழவழவென்று மழித்துக்கொண்டு வந்து நின்றான். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. “என்ன மாப்ள, மேலிடத்து உத்தரவா?” என்று என் கணவர் சீண்டினார். அவன் வெறுமையாக இருந்த மேலுதட்டைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டான். பெயர் மட்டும் மாறவில்லை.

அவள் கட்டட வரைபடம் வரைகிற வேலையில் இருக்கிறாள். லட்சணமான பெண். என்னை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுவாள். கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவளோ என்றுதான் எனக்கு ஒரு சந்தேகம். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நாலு பேர் கூடிப் பேசினால் ஒதுங்கி நின்று பொம்மை மாதிரிச் சிரிப்பாள். தனியாகப் பேசினாலோ கண் கொட்டாமல் நம் முகத்தையே பார்ப்பாள். எனக்கு அது என்னவோபோல் இருக்கும்.

படங்களை மேசையில் பரப்பினேன்.

“இதப் பாரு. கடலோரமா மேச போட்டு, மெழுகுவர்த்தி வெச்சு…”

“வேற பாக்கலாமா அண்ணி?”

“படகு? சாயங்காலம் ஏறினா விடிஞ்சுதான் கரைக்கு வரும்.”

தலையை ஆட்டி மறுத்தாள். கூடாரத்தைக் காட்டினேன். அங்கே மின்சாரம் கிடையாது, அந்த இல்லாத மின்சாரத்துக்குத்தான் கட்டணம் கூடுதல். அதுவும் வேண்டாமாம். அடுத்தது மோட்டார் சைக்கிளில் மலை ஏறுவது. முன்னால் அவன், பின்னால் இவள். இளசுகள் முண்டியடித்துக்கொண்டு வாங்குவது. அதற்கும் உதட்டைப் பிதுக்கினாள். மீசை எதற்கும் பிடி கொடுக்காமல், “அவளுக்கு சரின்னா எனக்கும் சரிக்கா” என்று உட்கார்ந்திருந்தான்.

“டேய், போய் மூணு காப்பி புடிச்சிட்டு வா” என்று அவனைக் கிளப்பினேன். அவன் நகர்ந்ததும் அவள் பக்கம் திரும்பினேன்.

“இப்ப சொல்லும்மா. எந்த எடம் வேணாம்?”

மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “இருட்டா இருக்கற எடம் வேணாம் அண்ணி. ராத்திரி வெளிய சுத்தற மாதிரி எதுவும் வேணாம். ரூம்லயும் லைட்டு நல்லா எரியணும். ராத்திரி பூரா எரியற மாதிரி இருந்தாலும் சரி.”

விருப்பமில்லாமல் கட்டிக்கொள்கிற பெண்கள் சிலரை இந்த மேசையில் பார்த்திருக்கிறேன். அவர்களும் இப்படித்தான், தனிமை வேண்டாம், இருட்டு வேண்டாம் என்று சுற்றி வளைப்பார்கள். மற்றவர்கள் என்றால் டிக்கெட்டைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருப்பேன். அடுத்தவர் குடும்பத்தில் மூக்கை நுழைக்க எனக்குச் சம்பளம் தருவதில்லை. ஆனால் இவன் என் தம்பி.

என் முகம் மாறியதை அவள் பார்க்க வேண்டாம் என்று, வேறு புத்தகம் எடுக்கிற சாக்கில் கீழ் இழுப்பறைக்குக் குனிந்தேன். குனிந்தபடியே கேட்டும்விட்டேன். “என் தம்பிய உனக்குப் புடிக்கலன்னா இப்பவே சொல்லிடு. யாரும் உன்னக் கட்டாயப்படுத்தல.”

நிமிர்ந்தால், அவள் சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “என்ன, சிரிக்கற? என் தம்பியப் புடிக்கலையான்னு கேட்டா ஆமான்னு தலையாட்டுவியா?”

அவள் முகம் வெளுத்துப்போனது. “ஐயோ அண்ணி! புடிக்கலன்னு யாரு சொன்னது?”

பதறிய பதற்றம் பொய்யில்லை. அப்படியானால் சற்று முன்னால் எதற்குத் தலையாட்டினாள்? கையிலிருந்த புத்தகத்தை விசிறிபோல வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டேன். “காப்பிக்கு சக்கர வேணுமா?” என்றேன், நன்றாகச் சத்தமாகவே. அவள் என் கண்ணைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். சிரிப்பு ஒன்று பாதி வந்து அப்படியே நின்றது. பிறகு கண் நிறைந்துவிட்டது. நான் செய்தது கேவலமான வேலை என்று புத்தகத்தை இறக்கும்போதே தெரிந்தது.

முடியை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் ஒரு சின்னக் கருவி.

“சத்தம் கேக்கும் அண்ணி. வார்த்தையா கேக்காது. வாயப் பாத்தாப் புரிஞ்சிடும்” என்றாள். “காலேஜ் முடிச்சப்ப ஒரு காய்ச்சல் வந்து இப்பிடி ஆயிடுச்சு. முன்னாடி ஒரு எடத்துல பேசினப்ப உள்ளதச் சொன்னோம். மறுநாளே வேணாம்னுட்டாங்க. அதான் அப்பா, கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு… இருட்டுல அவரு என்ன பேசினாலும் எனக்குத் தெரியாது. மொத ராத்திரியே மாட்டிக்குவேன்.”

எனக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. கோபம்தான் முதலில் பேசியது. “அவன் என் தம்பி. அப்புறமா தெரிஞ்சா உன்ன விட்டுட மாட்டான். ஆனா அதுக்கப்புறம் நீ எதச் சொன்னாலும் நம்ப மாட்டான். நீயே சொல்லிடு, இன்னிக்கே. இல்லன்னா நான் சொல்லுவேன்.”

“அவரும் வேணாம்னு போயிட்டா?”

போனாலும் போவான் என்பதுதான் உண்மை. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் பொய் சொல்லவும் வரவில்லை.

மீசை கோப்பைகளோடு வந்து உட்கார்ந்தான். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், காப்பியைக் குடித்தாள். மறுபடி திறந்து, “சூடா இருக்கு” என்றாள். பார்க்கச் சகிக்காமல் அவள் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து, எதிர்க்கோடியில் இருக்கும் விசா மேசையில் நகல் எடுத்துவரச் சொன்னேன். விட்டால் போதும் என்று எழுந்து ஓடினாள்.

நானே போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் வழக்கமான கேள்விதான் வாயில் வந்தது. “உனக்கு எந்த எடம்டா வேணாம்?”

அவன் விசா மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முன்னால் சாய்ந்து குரலைத் தணித்தான். “இருட்டா எதுவும் வேணாம்க்கா. இந்த மெழுகுவர்த்தி, கூடாரம் ஒண்ணும் ஆகாது. பைக்கும் வேணாம். பின்னாடி உக்காந்தா என் மூஞ்சி அவளுக்குத் தெரியாது.”

“ஏன்டா?”

“அவளுக்குக் காது சரியாக் கேக்காது. வாயப் பாத்துத்தான் புரிஞ்சிக்கறா. உன்கிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விட்டுடாத.”

குடித்த காப்பி எனக்குப் புரையேறியது. அவன் எழுந்து என் தலையில் தட்டினான். தட்டிக்கொண்டே சொன்னான்.

“மொத தடவ தனியாப் பேசினப்ப என் வாயவே பாத்துட்டு இருந்தா. மீசையில ஏதோ ஒட்டியிருக்குன்னு நானும் தொடச்சிட்டே இருந்தேன். பாதிப் பேச்சுக்கு சும்மா சிரிச்சா. மீசைய ஒதுக்கிவிட்டுப் பேசினா மட்டும் டாண்ணு பதில் வந்துச்சு.” உட்கார்ந்து மேலுதட்டைத் தடவினான். “அப்புறம் எதுக்குக்கா அந்த எழவு?”

வீட்டில் எல்லோரும் சிரித்தது ஞாபகம் வந்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவள் நான்தான்.

“மறைச்சிட்டாங்கன்னு உனக்குக் கோவம் வரலையாடா?”

“வந்துச்சு. கொஞ்ச நாள் யார்கிட்டயும் சரியாப் பேசக்கூட இல்ல. அப்புறம் போய் மழிச்சிட்டேன்.”

“தெரியும்னு அவகிட்ட சொல்லித் தொலைய வேண்டியதுதான?”

“நான் சொன்னா கையும் களவுமாப் புடிச்ச மாதிரி ஆயிடும்க்கா. அவளா சொல்லட்டும். எப்பச் சொன்னாலும் சரி.”

அவள் நகலோடு திரும்பி வந்தாள். இரண்டு பேருடைய ரகசியமும் என் வாய்க்குள் கிடந்தது. ஒரே வார்த்தையில் அவிழ்த்துவிட்டிருக்கலாம், எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவன் மீசையை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறான். நடுவில் புகுந்து அதைக் கெடுக்க நான் யார்?

“டேய், எந்திரி. என் நாற்காலியில உக்காரு” என்றேன். அதுவரை அவள் பக்கத்தில் இருந்தவன் இப்போது எதிரே வந்தான். மஞ்சள் விளக்கை அணைத்துவிட்டு, எத்தனையோ நாளாகத் தொடாத சுவிட்சைப் போட்டேன். மூலை முழுக்க வெள்ளை வெளிச்சம் கொட்டியது. தன் கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

“எது வேணாம்னு ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் வெளிய நிக்கறேன்.”

போகும்போது அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி நின்று, சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்தேன். சொல்லிடு. அவளுக்குப் புரிந்தது.

வாசல் கதவு கண்ணாடி. தெருவில் வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே நின்று உள்ளே பார்த்தேன். அவள் முதலில் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள், தலை குனிந்தபடி, நெடுநேரம். பேசி முடித்த பிறகும் நிமிரவில்லை. அவன் காத்திருந்துவிட்டு மேசையைத் தட்டினான். அவள் பார்த்தாள். அவன் என்னவோ சொன்னான், மேலுதட்டைத் தொட்டுக் காட்டினான். நானும் இரண்டு பேர் உதடுகளையும் உற்று உற்றுப் பார்த்தேன், ஒரு வார்த்தை பிடிபடவில்லை. இதைத்தான் இந்தப் பெண் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறாள், நான் தலைக்கனம் என்று நினைத்தேன்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று அங்கிருந்து தெரியவில்லை. அப்புறம் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, மீசை இருந்த இடத்தை ஒரு விரலால் தொட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டிப் புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாகத் தெரு இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனபோது இருவரும் சுவர் ஓரமாக நின்றிருந்தார்கள். மீசை அந்த வெளுத்த படத்தை அலுங்காமல் உரித்துக்கொண்டிருந்தான்.

“நாங்க போறப்ப அங்க கோடைதானக்கா?” என்றான். அவளுக்கு முகம் தெரிகிற மாதிரி திரும்பி நின்றுதான் கேட்டான்.

மேனேஜர் அறையை விட்டு வந்துவிட்டார். “அப்பாடா, கழட்டியாச்சா அத?”

“கழட்டல சார். வித்தாச்சு.”

அவர் படத்தையும் என் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். “அங்க ராத்திரியே வராதேம்மா. புதுசாக் கல்யாணம் ஆனவங்க அங்க போய் என்ன பண்ணுவாங்க?”

“ராத்திரியிலயும் பேசணுமாம் சார்” என்றேன்.