ஒன்று கமா நான்கு

"ஏங்க, தலைய துடைச்சுட்டுப் போங்க. அலுமினியத் தூள் ஒட்டிட்டு இருக்கு" என்றாள் ஈனெஸ்.

ஒகுஸ்த் துடைக்கவில்லை. கழற்றி வைத்திருந்த கார் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டின் பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரால் எதையோ எழுதி, ஊதிக் காயவைத்து, கோணியில் சுற்றி ஸ்கூட்டரின் முன்னால் வைத்தார். "சிலம்பரசன் பட்டறையில குடுத்துட்டு வந்துடறேன். மீன் பொரிச்சு வை." குருசுக்குப்பத்திலிருந்து தவளக்குப்பத்துக்குக் கிளம்பினார்.

கொடுத்துவிட்டார். திரும்பும்போது அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். களைப்பாற உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் போனவர் வந்தவரெல்லாம் நினைத்தார்களாம். நெஞ்சு நின்றுபோயிருந்தது.

அடக்கம் முடிந்து, பூசையும் முடிந்து, உறவு கலைந்த பிறகு ஈனெசுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பைப் பற்றவைப்பாள், அணைப்பாள். கேட் வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். எங்கே சுற்றினாலும் கால் ஷெட்டில்தான் வந்து நின்றது. அங்கே ஒகுஸ்த் மாற்றிக் கட்டிக்கொண்டிருந்த பழைய கார் பானெட்டைத் திறந்தபடி கிடந்தது. பின்சக்கரங்களுக்கு மின்மோட்டார் பொருத்தியாகிவிட்டது. நெரிசலில் மோட்டார் இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் என்ஜினுக்குக் கடலூர் ரோடு மாதிரி நீட்டமான ஓட்டம் மட்டும். அதனால் அதைக் கொஞ்சம் பெட்ரோலில் நிறைய தூரம் போகிற மாதிரி மாற்றிவிடலாம் என்பது ஒகுஸ்தின் கணக்கு. ஹெட்டின் அடியில் நான்கு குழிகள். பெட்ரோல் வெடிப்பது அவற்றுக்குள்தான். அடிமுகத்தைச் சீவினால் குழி சிறுக்கும், உள்ளே காற்று இறுகும், அதே பெட்ரோலில் கூடுதல் தூரம் போகும்.

குழிகளை அளந்தவள் ஈனெஸ். ஆஸ்பத்திரி லேபில் பழகிய கை. கண்ணாடித் தகட்டால் மூடி, துளை வழியே சிரிஞ்சில் மண்ணெண்ணெய் விட்டு, நான்கும் ஒரே அளவு என்று சொன்னாள். எவ்வளவு சீவுவது என்ற கணக்கு மட்டும் அவருடையது. அவர் நினைத்த மாதிரி அந்த என்ஜின் ஓட வேண்டும். அதைத் தவிர வேறெதுவும் அவளுக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

பஸ் பிடித்துத் தவளக்குப்பம் போனாள்.

"வாங்க மதாம்" என்று எழுந்தார் சிலம்பரசன். "ஒகுஸ்த் முசே எழுதுனபடியே முடிச்சு வெச்சுட்டேன்."

ஹெட்டைப் புரட்டிக் காட்டினார். அடிமுகம் சீவப்படவே இல்லை. முதல் குழியும் கடைசிக் குழியும் மட்டும் குடைந்து அகலமாகிப் பளபளவென்று இருந்தன.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்க?"

"ஒண்ணு, நாலுன்னு எழுதியிருந்தாரே! ஓரத்துக் குழி ரெண்டையும் பெரிசாக்கச் சொல்றாருன்னு நெனைச்சேன். ஒரு ஜீப்புக்கு அப்படித்தான் செஞ்சோம்."

பக்கவாட்டில் 1,4 என்று இருந்தது. ஈனெஸ் அதன்மேல் விரலை வைத்தாள்.

"அது குழி நம்பர் இல்லப்பா. ஒண்ணு புள்ளி நாலு மில்லி சீவணும்னு அர்த்தம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்ச மனுஷன். புள்ளி வெக்கிற எடத்துல கமாதான் வெப்பாரு."

சிலம்பரசன் தலையில் கை வைத்துக்கொண்டார். "குலாஸ் குலாஸ்னுவாரு. அது ஹெட்டுன்னு வெளங்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இந்தக் கமாவுக்கு நான் எங்க போவேன் மதாம்?"

அந்த மாடலுக்கு வேறு ஹெட் கிடைக்காது. மீதி இரண்டு குழியையும் அதே அளவுக்குக் குடைந்தாக வேண்டும். குழிகள் பெருத்துவிட்டதால், முசே நினைத்த இறுக்கம் வர இரண்டு மில்லி சீவ வேண்டும் என்றார் சிலம்பரசன்.

"ஆனா அவ்ளோ சீவினா வால்வு எறங்கி பிஸ்டன்ல முட்டுனாலும் முட்டும். அப்புறம் என்ஜினே போயிடும். ஒண்ணு புள்ளி நாலோட விட்டுடலாம். வண்டி கொஞ்சம் சொங்கியா ஓடும், அவ்ளோதான். அவரு எழுதுன கணக்கும் நிக்கும்."

ஒகுஸ்த் கடைசியாக எழுதியது அது. அதை வைத்துக்கொண்டால் அவர் கட்ட நினைத்த என்ஜின் கிடைக்காது. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் காபி போட்டு, குடிக்காமல் ஆறவிட்டு, மறுபடி போட்டாள்.

மறுநாள் சிலம்பரசன் ஹெட்டோடு ஷெட்டுக்கு வந்தபோது அவள் கையில் கெட்டியாகப் பிசைந்த மாவு.

"என்ன மதாம், பூரியா?"

"பிஸ்டனுக்குப் பூரி."

வால்வு முட்டுமா என்று பார்க்க, எண்ணெய் தடவிய மாவை பிஸ்டன் தலையில் அப்பி, சீவாத ஹெட்டையே மாட்டி, என்ஜினைக் கையால் சுற்றினார்கள். கழற்றியபோது மாவில் வால்வு பதிந்த பள்ளம் இருந்தது. மிக மெல்லிய இடத்தில் ஈனெஸ் சிரிஞ்ச் ஊசியைக் குத்தி அளந்தாள்: நாலு மில்லி. நம்பாமல் இன்னொரு முறை மாவு வைத்துச் சுற்றச் சொன்னாள். மறுபடியும் நாலு மில்லி.

"ரெண்டு சீவினாலும் ரெண்டு மிஞ்சும்" என்றார் சிலம்பரசன். "முட்டாது. ஆனா மதாம், அந்த எழுத்து..."

அவர் முடிப்பதற்குள் தின்னரில் நனைத்த துணியால் அதைத் துடைத்துவிட்டு, '2' என்று பெரிதாக எழுதினாள். "இல்லன்னா உனக்கு மறுபடி கொழம்பும்."

மீதிக் குழிகளும் குடைந்து, சீவி வந்த ஹெட்டை மாட்டிய அன்று என்ஜின் இருமியது, அணைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. காரைத் தவளக்குப்பம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினாள். மேட்டில் ஒரு முறைகூடத் திணறவில்லை. சத்தம் மட்டும் பழைய சத்தமாக இல்லை, கொஞ்சம் கரகரப்பு. ஆனால் நான்கு குழிகளிலும் தீப்பொறி விழுகிற வரிசை முன்பு இருந்ததேதான்: ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.