சோதித்தவர்: ஏழு

இப்போதெல்லாம் யாரும் எதையும் திறந்து பார்ப்பதில்லை. பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்கிறார்கள், செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், முகம் தெரியாத நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ரொட்டி வாட்டுகிற பெட்டி என்றால் போகட்டும், கருகினால் தூக்கி எறியலாம். தண்ணீருக்கு அடியில் போய் மூச்சு விடுகிற சாமானையும் அதே மாதிரி வாங்கினால்? அம்பெலியோவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அதுவும் வாங்கியது அவர் பெற்ற மகள்.

மகள் நீவெஸுக்கு நாற்பத்தொரு வயது. ஸ்பெத்ஸியா வளைகுடாவில் சிப்பி வளர்க்கிற கூட்டுறவுக்கு அவள்தான் முக்குளிப்பவள். சிப்பிக் கயிறுகள் தொங்குகிற மிதவை வரிசைகளைக் கடலடியில் பிடித்து வைத்திருக்கும் சங்கிலிகளையும் கான்கிரீட் பாளங்களையும் பதினோரு மீட்டர் ஆழத்தில் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வர வேண்டும். படகில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருப்பது அம்பெலியோவின் வேலை. கயிற்றின் மறுமுனை அவள் இடுப்பில் இருக்கும். அவர் ஒரு தரம் சுண்டினால் அவளும் ஒரு தரம் சுண்ட வேண்டும், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று தரம் என்றால் மேலே வா. கடற்படைக்காரர்கள் செம்புத் தொப்பி மாட்டிக்கொண்டு இறங்கின காலத்துப் பழக்கம். மற்ற படகுகளில் எப்போதோ விட்டுவிட்டார்கள். அம்பெலியோ விடவில்லை. மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. அவருக்கென்று மிஞ்சியிருக்கிற ஒரே ஆள் அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருந்தாள்.

சிலிண்டர் காற்றை வாய்க்கு அளந்து கொடுக்கிற ரெகுலேட்டரைத்தான் போன வசந்தத்தில் நீவெஸ் புதிதாக வாங்கினாள். மேலே பொறித்திருந்த பெயரைப் பார்த்ததும் அம்பெலியோவுக்கு நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது. மலைக்குப் பின்னால் அதே பெயரில் இருந்த தொழிற்சாலையில்தான் அவர் முப்பத்தொரு வருஷம் ரப்பர் அச்சு எந்திரம் ஓட்டினார். அதை மூடி இருபத்தாறு வருஷம் ஆகிறது என்பது அடுத்த கணம் ஞாபகம் வந்தது. பெயரை மட்டும் யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாமான் அங்கே தயாராகிறது. எந்த நாடு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கடல் தாண்டிக் கிழக்கே இருப்பதெல்லாம் அவருக்கு 'அங்கே'தான்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். சோதித்துப் பார்த்த பெண் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பென்சிலால் எழுதி வைப்பாள். கோளாறு என்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியும். நீவெஸ் வாங்கி வந்த பெட்டியில் விரல்நகம் அளவுக்கு ஒரு வட்டக் காகிதம் ஒட்டியிருந்தது. சோதித்தவர்: 7.

"ஏழுன்னா யாரு?"

"ஏழாம் நம்பர் ஆளுப்பா."

"பேரு கிடையாதா?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போற? கல்யாணப் பத்திரிகை வைக்கணுமா?"

அன்றைக்கு அவர் அதோடு விட்டுவிட்டார். ஆனால் நவம்பரில், குளிர்ந்த தண்ணீரில் இறங்க ஆரம்பித்ததும், மூச்சு ஈரமாக வருகிறது என்று நீவெஸே சொன்னாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அரை ஸ்பூன் உப்புத் தண்ணீர். அதைச் சூப் உப்பாக இருக்கிறது என்பது மாதிரிச் சொன்னாள். கடைக்காரனிடம் கேட்டதற்கு, அதே வரைபடம், அதே அளவு, ஒன்றும் மாறவில்லை, அனுப்பி வைத்தால் ஆறு வாரத்தில் பார்த்துச் சொல்வார்கள் என்றானாம். ஆறு வாரம் யார் காத்திருப்பது? தென்மேற்குக் காற்று கிளம்புவதற்குள் எல்லாச் சங்கிலிகளையும் பார்த்தாக வேண்டும். துப்பிக்கொண்டே வேலையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீவெஸ் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போயிருந்தாள். அம்பெலியோ சமையலறை மேசையில் துணியை விரித்து ரெகுலேட்டரைத் திறந்தார். கோளாறு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. மூச்சை வெளியே விடுகிற வழியில் காசு அளவுக்கு ஒரு ரப்பர் வில்லை உண்டு. மூச்சு விட்டால் திறக்கும், இழுத்தால் மூடிக்கொள்ளும். அதன் விளிம்பு, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஒரு பக்கமாக எழும்பி நின்றது. எடுத்துப் பின்பல்லால் கடித்துப் பார்த்தார். ரப்பர் என்றால் பல்லைத் தள்ள வேண்டும். இது தள்ளவில்லை. சுண்ணாம்புத் தூளைக் கலந்து எடையைக் கூட்டியிருக்கிறான்கள்.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு காப்பி டப்பா இருந்தது. தொழிற்சாலையை மூடின வாரம் எல்லாரும் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் நாற்காலியைக் கூட விடவில்லை. அம்பெலியோ எடுத்து வந்தது அவர் எந்திரத்தில் அவர் கையாலேயே வார்த்த வில்லைகள், நாற்பது இருக்கும். பவுடர் தூவி, வெயில் படாமல் வைத்திருந்தார். அவற்றோடு சோதனை மேசையின் துண்டுச் சீட்டும் கிடந்தது. இ. பி. கூட வேலை பார்த்த இல்வாவின் எழுத்து. சோதனை மேசைப் பெண்களுக்குள் அவள் வேலைதான் சுத்தம் என்று மேஸ்திரியே சொல்லுவார்.

ஒன்றை எடுத்து மடக்கினார், மடங்கியது. விட்டார், நிமிர்ந்தது. கடித்தார், பல்லைத் தள்ளியது. பொருத்தி, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். ஒரு பொட்டுக் காற்று உள்ளே வரவில்லை. மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் கூடாது என்பாள், அப்புறம் அந்த அப்பளத்தையே வாயில் கவ்விக்கொண்டு இறங்குவாள்.

திங்கட்கிழமை காலையில் கடல் அசையவில்லை. நீவெஸ் ரெகுலேட்டரை வாயில் வைத்து நாலு மூச்சு இழுத்துவிட்டு, "இன்னைக்கு நல்லாயிருக்கே" என்றாள். அம்பெலியோ கயிற்றை அவள் இடுப்பில் முடிந்தார். உள்ளுக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. அவள் இறங்கினாள். குமிழிகள் கைப்பிடி கைப்பிடியாக மேலே வந்து உடைந்தன, அவர் சுண்டினார், அவள் சுண்டினாள். இரண்டாவது பாளம், மூன்றாவது பாளம். வெயில் மெல்ல முதுகில் ஏறியது. இருபது நிமிஷம் வரைக்கும் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம் அவர் சுண்டினார். பதில் வரவில்லை.

கையில் ஏதோ வைத்திருக்கிறாள் என்று நினைத்தார். முப்பது வரை எண்ணிவிட்டு மறுபடி சுண்டினார். கயிறு சும்மா கிடந்தது. குமிழிகள் ஒரே பொங்கலாகப் பொங்கி வந்தன, பானை கொதித்த மாதிரி. பிறகு நின்றுவிட்டன.

மூன்று தரம் சுண்டினார். எழுந்து நின்று இழுத்தார். கயிறு ஒரு முழம் வந்து, சிப்பி வரிசையில் எங்கேயோ மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் வரவில்லை. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிற எழுபத்துநாலு வயசுக்காரன் பதினோரு மீட்டர் குளிர்தண்ணீரில் குதித்து என்ன கிழிப்பான்? அடுத்த படகு அரை மைலுக்கு அப்பால். ஓவென்று கத்தினார். அந்தப் படகுக்காரன் கையை ஆட்டினான், வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு. அம்பெலியோ படகின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்தார். செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. தன் கையால் வார்த்த வில்லை, தன் கையால் பொருத்தினது. அந்த நினைப்பு அப்போதே வந்துவிட்டது. அதை அவர் பிற்பாடு யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

படகுக்குப் பின்பக்கம், எதிர்பாராத இடத்தில், நீவெஸின் தலை வந்தது. இடுப்புக் கயிற்றைக் கழற்றியிருந்தாள், வாயில் அந்த ரெகுலேட்டர் இல்லை. ஆபத்துக்கென்று தோளில் தொங்கவிட்டிருக்கிற இரண்டாவது வாய்ப்பிடியைக் கவ்வியிருந்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு இருமினாள், வாந்தி எடுத்தாள், மறுபடி இருமினாள். அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். கால் மணி நேரம் அவளால் பேச முடியவில்லை. உதடு நீலமாக இருந்தது. முதுகைத் தேய்த்துவிட்டார்.

பேச முடிந்ததும் அவள் ரெகுலேட்டரைப் புரட்டிப் பார்த்தாள். மூடியின் திருகில் புதிதாக ஒரு கீறல் இருந்தது.

"யாருப்பா இதைத் திறந்தது?"

அவர் கயிற்றை உருவியெடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு முழு வாய் தண்ணி. மூச்சுன்னு நெனச்சு இழுத்தேன். தெரியுதா உனக்கு?"

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் அவரும் திருப்பித் திட்டியிருப்பார். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

துறைமுகத்தில் டீசல் பம்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இல்வா இப்போது ரெகுலேட்டர் பழுது பார்க்கிறாள். இருவரும் சாமானைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். காப்பி டப்பா அம்பெலியோவின் கக்கத்தில் இருந்தது. அது எப்படியும் பேச்சில் வரும் என்று, வழியில் வீட்டுக்குள் நுழைந்து படகுச் சாவியை மாட்டுகிற சாக்கில் எடுத்து வந்திருந்தார். நீவெஸ் நடந்ததைச் சொன்னாள். மத்தியானம் மறுபடி இறங்க வேண்டும், எட்டுப் பாளங்கள் பாக்கி இருக்கின்றன என்றும் சொன்னாள். அம்பெலியோ அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

இல்வா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மூடியைத் திறந்து, வில்லையை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். குறுக்கே பாதிக்குமேல் கிழிந்திருந்தது. விரித்தால் உள்ளே காய்ந்த ஏரி மாதிரி வெடிப்பு.

"இது இந்த மாடலுக்கு உள்ளது கெடையாதே" என்றாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள். "யோவ் அம்பெலியோ, நீயா?"

"பழசைக் கழட்டினது தப்புங்கறியா? அதைப் பாரு முதல்ல." அவர் சட்டைப் பையிலிருந்து அப்பளத்தை எடுத்துப் போட்டார்.

அதையும் இல்வா பார்த்தாள். குப்பைதான் என்றாள். ஒளிக்கவில்லை. விளிம்பு எழும்பியிருக்கிறது, கலவை மட்டம், ஒரு வருஷம் தாங்காது. அம்பெலியோ மகளைப் பார்த்தார், கேட்டாயா என்கிற மாதிரி.

"இது அரை ஸ்பூன் தண்ணி விட்டுது. உன்னுது ஆளையே மூழ்கடிச்சிருக்கும்" என்றாள் இல்வா. "இருபத்தாறு வருஷ ரப்பர்யா. சும்மா மடக்கினா மடங்கும். குளிர்ல ஒரு முந்நூறு தரம் அடிச்சா கிழியாம என்ன செய்யும்? உனக்குத் தெரியாதா, நீ ரப்பர்க்காரன்."

"உன் எழுத்து இருந்துது." சீட்டை எடுத்து வைத்தார்.

இல்வா அதைக் கையில் எடுக்காமலே படித்தாள்.

"வெள்ளிக்கிழமை லாரி வாசல்ல வந்து நிக்கும், ஞாபகமிருக்கா? மேஸ்திரி பின்னாடி நின்னு கடிகாரத்தைத் தட்டுவாரு. அன்னைக்கு நான் எதைப் பார்த்தேன்? சீட்டை எழுதி எழுதிப் போட்டேன். நாங்க எல்லாரும்தான்."

"பொய் சொல்ற."

"எனக்கென்ன ஆதாயம்?"

கம்பெனி இடம் மாறினபோது, அங்கே இருக்கிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க இல்வாவை மூன்று மாசம் அனுப்பியிருந்தார்கள். அதைப் பற்றி அவள் இத்தனை வருஷத்தில் அதிகம் பேசியதில்லை. இப்போது கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அங்கேயும் ஒரு ஏழு இருந்தாளாம், இந்தக் காகிதம் ஒட்டினவள்தானா என்று தெரியாது. சின்னப் பெண். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு நூற்றுக்கு முப்பது வில்லையை ஒதுக்கி வைத்தாளாம். அம்பெலியோவின் எந்திரத்தில் வந்ததில் இல்வா ஒருநாளும் அத்தனை ஒதுக்கியதில்லை. ஜெனோவாவிலிருந்து, நம் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற ஆபீஸிலிருந்து, போன் வந்ததாம். பத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது, கலவையில் இன்னும் விலை குறைக்க முடியுமா என்று பார்.

"அவ பேரு சொன்னா, என் வாயில நுழையல. காகிதத்துல எழுதிக் குடுத்தா. எங்கயோ தொலைச்சிட்டேன்."

இல்வா இழுப்பறையைத் திறந்து, உறையைப் பிரித்து ஒரு புது வில்லையை எடுத்தாள். இதுவும் அங்கே செய்ததுதான் என்றாள். வேறு கம்பெனிக்காரன் நல்ல கலவைக்குக் காசு கொடுத்துச் செய்யச் சொன்னது. அளவு இதற்கும் சரியாக வரும். பொருத்தி, அளவுமானியில் பார்த்து, நீவெஸிடம் கொடுத்தாள். நீவெஸ் உறிஞ்சிப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"அதே ஊரு, அதே எந்திரம்" என்றார் அம்பெலியோ.

"அதே ஊருதான். இன்னைக்குக் காலையில உன் பொண்ணை மேல கொண்டுவந்த வாய்ப்பிடியும் அதே பெட்டியில வந்ததுதான்."

"அது இன்னும் உழைக்கல. அதனால தாங்கிச்சு."

இல்வா இன்னொரு வில்லையை அவர் முன்னால் வைத்தாள். கடிச்சுப் பாரேன் என்றாள். அவர் வாங்கிப் பின்பல்லில் வைத்தார். இரண்டு பெண்களும் அவர் தாடையையே பார்த்தார்கள். வில்லை பல்லைத் தள்ளியது, நன்றாகவே தள்ளியது. அவர் அதை எடுத்து மேசையில் வைத்தார்.

"பரவாயில்லையாப்பா?" என்றாள் நீவெஸ். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

பரவாயில்லை என்றால் அவள் இறங்குவாள். இல்லை என்றாலும் இறங்குவாள். அவர் கையில் இருப்பது அந்தக் கயிறு ஒன்றுதான், அதுவும் இன்று மாட்டிக்கொண்டது.

"போறப்ப சொல்லு. படகுல இருக்கேன்" என்றார்.

மேசையில் கிடந்த இல்வாவின் சீட்டை எடுத்து டப்பாவுக்குள் போட்டு, மூடியை அழுத்தினார். இதை இங்கேயே விட்டுட்டுப் போயேன், குப்பையில போடறேன் என்று இல்வா கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. கொட்டகையை விட்டு வெளியே வந்து, டீசல் பம்பைத் தாண்டி, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார். நடக்கும்போதே இரண்டு தரம் துப்பினார். நாக்கில் ரப்பர் ருசி போகவில்லை. நல்ல ரப்பர்தான். இன்றைக்கு நல்ல ரப்பர். நாளைக்கு ஜெனோவாவிலிருந்து யார் போன் பண்ணுவான் என்று எவனுக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமைகளில் பார்க்காமலே சீட்டு எழுதினோம் என்று இல்வா சொன்னதும் பொய்தான்.