தவ்ஃபீக் கேட்ட கேள்வி

காபிஸ் துறைமுகத்தை ஒட்டிய பள்ளியின் கணக்கு டீச்சர் நஜாத், மூன்று நாள் பயிற்சிக்குப் போய் ஒரு மூட்டை புதுச் சொற்களோடு திரும்பினாள். அதில் அவளுக்குப் பிடித்துப்போனது 'தலைகீழ் வகுப்பு'. பாடத்தைப் பிள்ளைகள் வீட்டிலேயே வீடியோவில் பார்த்துவிட வேண்டும். வீட்டுக்கணக்கை வகுப்பில் உட்கார்ந்து போட வேண்டும். இயற்பியல் வாத்தியார் மொந்தர், பாடத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள் நம்மிடம் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்களே என்று கிண்டலடித்தார்.

முதல் வீடியோவை வண்ணப் படங்கள் போட்டுப் பதினெட்டு நிமிடத்துக்கு எடுத்தாள். யார் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று பள்ளியின் இணையதளம் காட்டிக்கொடுத்துவிடும். முப்பத்து நான்கு பேரில் ஐந்து பேர்தான் திறந்திருந்தார்கள். அதில் நான்கு பேர் மூன்றாவது நிமிடத்திலேயே கழன்றுகொண்டிருந்தார்கள். கடைசிவரை ஓடவிட்டவன், தான் தூங்கிப்போனதாக ஒப்புக்கொண்டான்.

அடுத்ததை ஞாயிறு சாயங்காலம் சமையலறையில், ஆறே நிமிடத்தில் எடுத்தாள். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கையில் கணவன் தவ்ஃபீக் உள்ளே வந்தான். ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு ஷேர் டாக்சி ஓட்டுகிறவன். ரொட்டியைப் பிய்த்து ஹரிஸா மிளகாய் விழுதில் தோய்த்தபடி கேட்டான்: "அதெப்படி? ரெண்டு தப்பு சேர்ந்தா சரியாயிடுமா?"

"அது விதி, தவ்ஃபீக்."

"யாரு போட்ட விதி?"

"ரொட்டியைத் தின்னுட்டு நகரு."

இதையெல்லாம் வெட்டிவிட வேண்டும் என்று நினைத்தவள், விடைத்தாள் திருத்திய களைப்பில் அப்படியே ஏற்றிவிட்டாள். காலையில் பார்த்தால் முப்பத்தோரு பேர் பார்த்திருந்தார்கள், பாதிப் பேர் இரண்டு தடவை.

கேலிக்குத் தயாராகத்தான் வகுப்புக்குள் நுழைந்தாள். அந்த வருடம் முழுக்க வாயே திறக்காத யுஸ்ர் என்ற பெண் எழுந்து நின்றாள். "டீச்சர், வீடியோல சாச்சா கேட்டதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். சிரிப்பாங்கன்னு கேக்கல. ஆனா நீங்க அவருக்குப் பதில் சொல்லலையே."

நஜாத்துக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடமாக 'விதி' என்று சொல்லியே கடந்து வந்திருக்கிறாள். பாடம்தான் வீட்டிலேயே முடிந்துவிட்டதே. மிச்சமிருந்த நேரம் முழுவதையும் பிள்ளைகளிடம் கொடுத்தாள். தவ்ஃபீக்குக்குப் புரியவைப்பது அவர்கள் பொறுப்பு. வகுப்பு நாலு குழுவாகப் பிரிந்து அன்றும் மறுநாளும் சண்டை போட்டது.

தவ்ஃபீக் மட்டும் முறைத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகளின் ஃபோனில் வீடியோவைப் பார்த்துவிட்டு, டாக்சி நிலையத்தில் "பிளஸ் ஆயிட்டியா?" என்று சக ஓட்டுநர்கள் அவனை ஓட்டியெடுத்தார்கள். ஊருக்கு முன்னால் தன்னை முட்டாளாக்கிவிட்டதாக அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை. உன் கேள்விதான் வகுப்பையே எழுப்பிவிட்டது என்று அவள் சொன்னதையும் அவன் நம்பவில்லை.

மூன்றாம் நாள் யுஸ்ர் இரண்டு தோழிகளோடு நிலையத்துக்கு வந்தாள். வண்டியைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிப் படம் பிடித்தாள். பிறகு ஃபோனை ஜன்னலுக்குள் நீட்டினாள். "சாச்சா, வண்டி பின்னாடி போறது ஒரு மைனஸ். படத்தைப் பின்னாலருந்து ஓட்டறது இன்னொரு மைனஸ். இப்பப் பாருங்க, எங்க போகுது?"

படத்தில் அவனுடைய வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

மூன்று தடவை பார்த்தான். "அட, இவ்ளோதானா? இதை அவ சொல்லியிருக்கலாமே" என்றான்.

"அவங்களுக்கே நேத்து நாங்க சொல்லித்தான் தெரியும், சாச்சா."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பயணிகள் எட்டுப் பேரும் ஏறி உட்கார்ந்தாயிற்று, கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அவன் ஃபோனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் திரும்பி, ஒவ்வொரு பயணியிடமாகக் காட்ட ஆரம்பித்தான். கடைசி வரிசைப் பெரியவருக்கு இரண்டாம் தடவை விளக்கிய பிறகுதான் வண்டி ஸ்ஃபாக்ஸுக்குப் புறப்பட்டது.