பாட்டனாருக்கு முகம் வைத்தல்

மயிலத்திலிருந்து திண்டிவனம் வரும் வரைக்கும் அப்பாதுரை பஸ்ஸில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பக்கத்தில் எவனாவது வந்து உட்காருவான். கையில் என்ன என்று கேட்பான். கேட்கிறவன் குமரேசன் அனுப்பிய ஆளாகத்தான் இருப்பான். விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் முப்பது வருஷம் பிறத்தியார் பத்திரங்களைச் சந்தேகப்பட்டே ரிட்டயர் ஆனவருக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய வேட்டியில் சுற்றி அவர் நெஞ்சோடு அணைத்திருந்தது முப்பாட்டனாரை. கண்ணாடிச் சட்டத்துக்குள், சிவப்புச் சாக்கட்டியில் யாரோ வெள்ளைக்காரன் வரைந்த, இருநூற்றைம்பது வருஷத்துப் படம். பாண்டிச்சேரியில் பழைய சாமான் கடையில் வாங்கி மூன்று வருஷமாகிறது. பரம்பரைச் சொத்தாகி ஆறு மாதம். தேர்த் திருவிழாவின் முதல் பரிவட்டம் தனக்கா, பங்காளி குமரேசனுக்கா என்ற வழக்கு முற்றியது அப்போதுதான். கோயில் கட்டிய முப்பாட்டனாரின் மூத்த வாரிசு யார் என்று இன்று நாலு மணிக்கு, தேர் புறப்படும் முன், ஊர் கூடி முடிவு செய்யும்.

திண்டிவனத்து ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடும் அப்ஸானா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், மூஞ்சி எங்க?"

அங்கியின் ரோமக் கரை, இடுப்புக் கச்சையின் மடிப்பு, பொத்தான் எல்லாம் தத்ரூபம். கழுத்துக்கு மேலே மட்டும் ஒரு முட்டை வடிவம்.

"சாக்கட்டி ஆச்சே, அழிஞ்சிருக்கும்."

"மூஞ்சி மட்டுமா? நம்ம ஊரு வெயில்ல ரோமம் வச்ச அங்கி வேற."

"அந்தக் காலத்துல குளிரு ஜாஸ்திம்மா."

படத்தின் பின்பக்கம் இருந்த வெள்ளைக்காரன் எழுத்தைத் தமிழாக்கிக் காட்ட அவள் அதன்மேல் போனைப் பிடித்தாள். "வேற ஒருத்தர் வரைஞ்ச படத்த பாத்து வரைஞ்சதாம். உடுப்புக்காக மட்டுமாம். சார், எங்கிட்டயும் இப்பிடி ஒரு ஃபோல்டரு இருக்கு. பட்டுச் சட்டை, கோட்டு சூட்டு எல்லாம் தலையில்லாம. கல்யாண பேனருக்கு எவரு வர்றாங்களோ அவரு தலைய ஒட்டிக்கினு இருப்பேன்."

அந்தப் போனை அப்பாதுரை நம்பவில்லை. இவளுக்கும் குமரேசனுக்கும் எத்தனை நாள் பழக்கமோ?

"உன் வேலைய பாரும்மா. என் சின்ன வயசு மூஞ்சிய வையி."

"ஜல்தியா முடிக்கணும் சார். பத்து மணிக்கு ஷட்டவுன், அஞ்சு மணிக்குத்தான் கரண்டு."

பழைய அடையாள அட்டைப் போட்டோவிலிருந்து முகம் ஏறியது. மீசையைக் கொஞ்சம் முறுக்கிவிட்டாள். திரையில் சாட்சாத் முப்பாட்டனார்! அப்பாதுரைக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணிலேயே சந்தேகமும் வந்தது.

"நான் அந்தாண்ட போனதும் குமரேசனுக்கும் ஒண்ணு போட்டுக் குடுப்ப. அழி அத."

"சார், இன்னும் பிரிண்ட்டு..."

"இப்பவே! என் கண்ணு முன்னாடி!"

அவள் அழித்தாள். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொன்னார், அழித்தாள்.

"சரி, பிரிண்ட்ட குடு."

"எத பிரிண்ட் போடுறது சார்?"

மின்விசிறி நின்றது. மணி பத்து.

நாலு மணிக்குக் கோயில் மண்டபத்தில் அசல் படமே தொங்கியது. முட்டைமேல் மட்டும் தடிமனாக ஒரு சாமந்தி மாலை.

"மூஞ்சிய மறைச்சிக்கினு எதுக்குண்ணே மாலை?" என்று குமரேசன் அதை ஒதுக்கிவிட்டான்.

அப்பாதுரை தூணைப் பிடித்துக்கொண்டார். குமரேசன் கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தான்.

"அட, என் நெத்தி! அச்சு அசலா என் நெத்தி!"

"உன் நெத்தியா? அந்தத் தாடைய பாருடா, அது என்னுது!" தூணை விட்டுவிட்டு அப்பாதுரை பாய்ந்தார்.

ஊர்ப் பெரியவர்கள் கிட்டே போய்ப் பார்த்தார்கள். இரண்டு பேர் ஜாடையும் சமமாகவே இருந்தது. ஒருவருக்குத் தன் மாமனார் ஜாடைகூடத் தெரிந்தது. வம்பு எதற்கென்று சொல்லவில்லை. கடைசியில் அவர்களில் மூத்தவரான சவுரிராயன் தீர்ப்புச் சொன்னார்:

"ரெண்டு பேருக்கும் வாணாம். பாட்டனாரே வந்துட்டாரு, பரிவட்டம் அவருக்கே கட்டிடலாம்."

குருக்கள் பரிவட்டத்தைச் சட்டத்தின் மேல்விளிம்பில் சுற்றிக் கட்டினார். மேளம் முழங்கியது. ரோம அங்கி தேருக்கு முன்னால் புறப்பட்டது. ஒரு முனையைக் குமரேசன் தூக்க, மறுமுனையை அப்பாதுரை தூக்கினார். சாமியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு வீதியும் அவர் கண் குமரேசனின் விரல்களிலேயே இருந்தது.