செல்வநாதன் இறக்காத கை

1974 ஆனி மாதம், மாங்கனித் திருவிழா அன்று பகல் பதினொன்றரை மணிக்குத் தூக்கிய வலது கையைக் காரைக்கால் போக்குவரத்துக் காவலர் செல்வநாதன் பதினோரு வருஷம் இறக்கவில்லை. தப்பு அவர்மேல்தான், மறைப்பானேன். சாமி ஊர்வலத்துக்காகப் பெரிய தெருவை அடைத்துவிட்டு, அம்பகரத்தூர் பஸ்ஸை முனையில் திருப்பி, வேகமாக வா என்று கைகாட்டியவர் அவரே. அன்றைக்கு மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். மடியில் ஏந்திச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும். கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளையில்லாத அவர் மனைவி சலோமி, ஒரு ஞாயிறுகூட மாதா கோயில் பூசையைத் தவறவிடாதவள், கூட்டத்தைத் தாண்டி எகிறிய ஒரு பழத்தைப் பார்த்து முந்தானையை விரித்துக்கொண்டு ரோட்டில் ஓடினாள். செல்வநாதன் கையைத் தூக்கினார். பஸ் அவளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவளும் அப்படியே நின்றாள், பழம் அந்தரத்தில் நின்றது.

ஆறு பேர் இழுத்தும் சலோமியை அசைக்க முடியவில்லை. லாரியில் கயிறு கட்டி இழுத்தும் பஸ் பின்னால் வரவில்லை. கை கொஞ்சம் தாழ்ந்தால் மட்டும் பஸ் ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது. அதோடு விட்டுவிட்டார்கள். டீக்கடை சோமசேகரன் காவலருக்குச் சோறு ஊட்டிவிட்டார். பஸ்ஸுக்குள் அப்படியே உறைந்துபோன நாற்பது பேரின் உறவுக்காரர்கள் ரெண்டு வருஷத்தில் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மெஹர் பானு மட்டும் நிறுத்தவில்லை. அவள் கணவர் கமாலுதீன் துபாயிலிருந்து மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்புகிற சிரிப்போடு மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்.

"கைய எறக்குங்கண்ணே, எங்க வூட்டு ஆளு வூட்டுக்கு வரட்டும்" என்பாள்.

"எம் பொண்டாட்டி செத்துப்போவாம்மா" என்பார் செல்வநாதன்.

ரெண்டு பேருமே அழுவார்கள். பாவம், வேறென்ன செய்ய? அழுது முடித்து, சும்மா நிற்பானேன் என்று சலோமியின் முகத்துப் புழுதியை மெஹர் பானு துடைத்துவிடுவாள்.

1985 கார்த்திகை மழையில் செல்வநாதன் நின்றபடியே இறந்துபோனார். கை சரிந்தது, பஸ் உறுமியது. கமாலுதீன் கண்ணிமைத்து மெஹர் பானுவைப் பார்த்தார். தலை நரைத்த அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் அவரை நோக்கி ஓரடி வைத்தாள். பிறகு "யா அல்லாஹ்!" என்று அலறித் தன் கையைத் தூக்கினாள். பஸ் நின்றது.

"என்னம்மா இப்புடிப் பண்ணிட்டே?" என்றார் சோமசேகரன்.

"பதினோரு வருஷமா தொடைச்ச மூஞ்சிண்ணே, எப்புடி வுடுவேன்?"

இப்போது அவளுக்கும் சோமசேகரன்தான் ஊட்டிவிடுகிறார். ஜன்னலில் கமாலுதீனின் சிரிப்பு போய்விட்டது. இந்தம்மா யார் என்று கேட்கிற முகமாகவே இருக்கிறார்.